சேர்க்கை முடிந்த பிறகு: பொறியியல் துறையில் எல்லா மாணவரும் நிலைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வருடம். முதலாண்டு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து ஒருவர் கையில் பட்டியலுடன் வந்தார். "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் வாங்குற பசங்க எல்லாம் எழுந்திருங்க" என்றார். பதினோரு பேர் எழுந்தார்கள். ஒரு பையன் பாதி எழுந்து, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, திரும்ப உட்கார்ந்துவிட்டான். அவன் பெயர் பட்டியலில் இருந்தது, அதனால் பெயர் சொல்லி எழுப்பினார்கள். நான் சாக்பீஸுடன் பேசாமல் நின்றேன். அடுத்த நாளிலிருந்து அந்த வகுப்பில் யார் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள் என்பது மாறியது. அதை நான் கவனிக்கவே இரண்டு வாரம் ஆனது.

பதினெட்டு வருடமாக ஒரு மாவட்டத் தலைநகரில் எலெக்ட்ரானிக்ஸ் துறையில் பாடம் நடத்துகிறேன். நான் கண்டது இதுதான்: தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பின் வாசல் நன்றாகவே திறந்திருக்கிறது. 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு 1993-இல் தனிச் சட்டம் வந்தது. நுழைவுத் தேர்வு 2007-இல் ஒழிந்தது. 2010-இல் முதல் பட்டதாரி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்று 2021-இல் சட்டம் வந்தது. அவர்களின் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. இத்தனைக்கும் பின்னால் பெரிய போராட்டம் இருக்கிறது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்த மாணவர் முதல் இரண்டு செமஸ்டரில் என்ன ஆகிறார் என்பதை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. அது துறையின் கையில் இருக்கிறது. லேப் பேட்ச் எப்படிப் பிரிக்கிறோம், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எந்த மொழியில் கேட்கிறோம், அலுவலக ஜன்னலில் எப்படிப் பேசுகிறோம் என்பவைதான் ஒருவர் தங்குவதையும் போவதையும் தீர்மானிக்கின்றன.

துறைத் தலைவர், கிளாஸ் அட்வைசர், மென்டர் இவர்களை மனதில் வைத்தே கீழே உள்ளதை எழுதுகிறேன். பெரும்பாலானவற்றுக்கு நிர்வாகத்திடம் பணம் கேட்க வேண்டியதில்லை.

படி 1: முதல் செமஸ்டர் ரிசல்ட்டைப் பிரித்துப் பாருங்கள்

துறையின் தேர்ச்சி விழுக்காடு என்று ஒரே ஓர் எண்ணைத்தான் நாம் பார்க்கிறோம். அது எதையும் சொல்லாது. போன மூன்று வருட ரிசல்ட்டை ஓர் எக்செல் தாளில் போட்டு, தமிழ்வழி–ஆங்கிலவழி, முதல் பட்டதாரி, 7.5 சதவீதத்தில் வந்தவர், ஹாஸ்டலா தினமும் பஸ்ஸில் வருபவரா, ஆண்–பெண், பன்னிரண்டாம் வகுப்பில் எந்த குரூப் என்று பிரியுங்கள். இரண்டு சாயங்கால வேலை. அப்புறம் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்கு எந்தப் பேப்பரில் அரியர்? யார் படிப்பை விட்டுப் போனார்கள்? யார் பிளேஸ்மென்ட்டுக்குப் பெயரே கொடுக்கவில்லை?

எங்கள் துறையில் நான் இதைச் செய்தபோது முதல் கணிதத் தாள்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். கணிதத்தில் தமிழ்வழி மாணவர்கள் மற்றவர்களோடு சமமாகவே இருந்தார்கள். புரோகிராமிங் தாளில் விழுந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பயாலஜி–மேத்ஸ் குரூப்பில் படித்தவர்கள். அதுவரை நாங்கள் 'கிராமத்துப் பசங்களுக்கு மேத்ஸ் வராது' என்று நம்பி, தேவையில்லாத இடத்தில் பிரிட்ஜ் கோர்ஸ் (அடிப்படையை ஈடுகட்டும் வகுப்பு) நடத்திக்கொண்டிருந்தோம்.

இந்தத் தாள் துறைத் தலைவரிடமும் இன்னும் ஒருவரிடமும் மட்டும் இருக்கட்டும். நோட்டீஸ் போர்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் போகக் கூடாது. ஒரு பிரிவில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் எண்ணைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரி.

படி 2: அலுவலக ஜன்னலைச் சரிசெய்யுங்கள்

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குக் கல்லூரி என்பது முதலில் அந்த ஜன்னல்தான். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு. இதில் ஒன்று தவறினாலும் உதவித்தொகை நின்றுவிடும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை.

செய்ய வேண்டியவை எளிது. உதவித்தொகை அறிவிப்பு எதையும் வகுப்பில் வாசிக்கக் கூடாது; ஒவ்வொருவருக்கும் தனியாகக் குறுஞ்செய்தி போக வேண்டும். எல்லா உதவித்தொகைகளையும் ஒரே தாளில், தமிழில், கடைசித் தேதியுடன் அச்சிட்டு முதலாண்டில் சேரும் எல்லோருக்கும் கொடுங்கள். யாருக்குப் பொருந்தும் என்பதை அவரவரே பார்த்துக்கொள்வார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ பெண்களுக்குத் தரும் பிரகதி, மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் சக்ஷம் எல்லாம் அதில் இருக்கட்டும். பிரகதியும் சக்ஷமும் வருடம் 50,000 ரூபாய். விண்ணப்பிக்கத் தெரியாமலேயே இதை இழந்த மாணவிகளை எனக்குத் தெரியும்.

உதவித்தொகை அரசிடமிருந்து தாமதமாக வந்தால், அதற்காக மாணவரின் ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி தேர்வுக்கு முந்தின நாள் காணாமல் போய்விடும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: "உன் கட் ஆஃப் எவ்வளவு?" என்று முதல் நாள் கேட்காதீர்கள். 200-க்கு எத்தனை என்று கேட்பது எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று கேட்பதுதான். "எந்த ஊர்? ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற கேள்வியும் அப்படியே. கேட்பவருக்குச் சாதாரணப் பேச்சாக இருக்கலாம். பதில் சொல்லும் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியும்.

படி 3: மொழி

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் வகுப்புகளில் அதிகம் பேரை வெளியே தள்ளுவது இதுதான் என்று நினைக்கிறேன்.

பவர் சப்ளை சோதனைக்கான வைவா. வெளித் தேர்வாளர் ஒரு மாணவியிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: ஃபில்டரில் கெப்பாசிட்டர் எதற்கு? அவள் மேசையையே பார்த்தாள். "தெரியல போல" என்று அவர் மதிப்பெண் போடப் போனார். நான் தமிழில் அதே கேள்வியைக் கேட்டேன். "டையோடுல இருந்து வர்ற மின்னழுத்தம் ஏறி இறங்கிட்டே இருக்கும் சார். ஏறும்போது மின்தேக்கி சேர்த்து வைக்கும், இறங்கும்போது விட்டுக் கொடுக்கும். அதனால மேடு பள்ளம் குறையும். மின்தேக்கி பெருசா இருந்தா இன்னும் குறையும்" என்றாள். கடைசி வாக்கியத்தை நாங்கள் கேட்கவே இல்லை. தேர்வாளர் நிமிர்ந்து பார்த்து, போடப்போன மதிப்பெண்ணை மாற்றினார்.

அந்தப் பெண்ணுக்கு மின்தேக்கி தெரியும். கெப்பாசிட்டர் என்ற சொல்லோடு சேர்த்து யோசிக்கத்தான் நேரம் வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புவரை வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், அணி, திசைவேகம், முடுக்கம், மின்தடை என்று படித்தவருக்கு ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் எல்லாச் சொல்லும் மாறிவிடுகிறது. பாடம் புதிதாக இல்லாதபோதும் புதிதாகத் தெரிகிறது.

எங்கள் துறையில் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முதலாண்டுப் பாடத்துக்கும் இரண்டு பக்கச் சொற்பட்டியல்: இடதுபக்கம் பள்ளிப் புத்தகத்தில் இருந்த தமிழ்ச் சொல், வலதுபக்கம் ஆங்கிலச் சொல்லும் அதைச் சொல்லும் விதமும். இதைத் தயாரிக்கச் சிறந்தவர்கள் தமிழ்வழியில் வந்து இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள். எந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தோம் என்பது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். முதல் செமஸ்டரில் உள் வைவாவுக்கு எந்த மொழியிலும் பதில் சொல்லலாம். இரண்டாவது செமஸ்டரில் தமிழும் ஆங்கிலமும் கலந்து. மூன்றாவதிலிருந்து ஆங்கிலத்தில் முயற்சி செய்ய வேண்டும், தடுமாறினால் தமிழுக்குப் போகலாம். வேலைக்கான நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கப்போகிறது, அதனால் ஆங்கிலத்தை விட்டுவிடுவது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஆனால் மொழிக்கு மதிப்பெண்ணும் மின்னியலுக்கு மதிப்பெண்ணும் தனித்தனி. வைவா தாளில் இரண்டுக்கும் தனிக் கட்டம் போடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவிலிலும் மெக்கானிக்கலிலும் தமிழ்வழிப் பிரிவு தொடங்கியது. அந்தப் பிரிவு உங்கள் கல்லூரியில் இருந்தால் அங்கே படிப்பவர்களுக்கும் இந்தப் பட்டியல் தேவை, எதிர்த்திசையில்.

வேறு மாநில மாணவர்கள் இருந்தால் வகுப்பில் சொல்லும் தமிழ் உதாரணத்தை ஒரு வரியில் ஆங்கிலத்திலும் சொல்லிவிடுங்கள். எல்லோரும் சிரிக்கும்போது அவர்கள் மட்டும் சும்மா இருக்க வேண்டியிருப்பது சின்ன விஷயம் இல்லை.

படி 4: லேப்பில் யார் கை வைக்கிறார்கள்?

ஒரு மணி நேரம் உங்கள் லேப்பின் மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு மேசையிலும் யார் ஒயரைப் பிடிக்கிறார்கள், யார் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். நான் குறித்த அன்று ஏழு கலப்பு மேசைகளில் ஆறில் பெண்தான் எழுதினாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். மூன்று வருடம் எழுதியே பழகியவளுக்கு நான்காம் வருடம் ப்ராஜெக்ட்டில் சால்டரிங் வரவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

இதற்குச் சுழற்சி வையுங்கள். இந்த வாரம் இணைப்பவர், அளவிடுபவர், எழுதுபவர். அடுத்த வாரம் மாற்றம். நோட்டின் மேல் யார் எந்தப் பொறுப்பு என்று எழுதினால்தான் கையெழுத்து போடுவேன் என்றால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

பேட்ச் பிரிக்கும்போது பத்துப் பையன்களோடு ஒரே ஒரு பெண்ணைப் போடாதீர்கள். இது கிண்டி பொறியியல் கல்லூரியில் எண்பது வருடத்துக்கு முன்பே கண்டுகொண்ட விஷயம். பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த ஏ. லலிதா அங்கே மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். தந்தை சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். மகள் தனியாக உணர்வதைக் கண்டு, பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்ய வைத்தார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. த்ரேசியாவும் சிவில் படிக்க வந்தார்கள். அச்சடித்த பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்லை அடித்துப் பெண்பாலாக மாற்றித்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்கள் என்று இன்று அவர்களைச் சொல்கிறோம்.

புரோகிராமிங் லேப்புக்கு வேறு மருந்து. மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தவர் பள்ளியிலேயே பைத்தான் எழுதியிருப்பார். பயாலஜி எடுத்தவர் எதுவும் எழுதியிருக்க மாட்டார். இருவரையும் ஒரே வகுப்பில் வைத்தால், முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பெரிய கேள்வி கேட்பவரைப் பார்த்து, மற்றவர் 'இது நமக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார். அமெரிக்காவில் ஹார்வி மட் கல்லூரி 2006-க்குப் பிறகு இதைத்தான் மாற்றியது. முன் அனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அறிமுக வகுப்பைப் பிரித்தது, ஜாவாவை விட்டுப் பைத்தானுக்கு வந்தது. கணினி அறிவியல் மாணவர்களில் பத்துச் சதவீதம் அளவில் இருந்த பெண்கள் சில வருடங்களில் நாற்பதை ஒட்டி வந்தார்கள். நமக்கு இரண்டு வகுப்பு முடியாது என்றால் லேப் பேட்ச்சையாவது அப்படிப் பிரிக்கலாம். தேர்வு ஒன்றே, தொடங்கும் இடம் மட்டும் வேறு. 'வீக் பேட்ச்' என்று எவரும் வாயைத் திறந்து சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'பள்ளியில் கோடிங் படித்தவர்கள், படிக்காதவர்கள்', அவ்வளவுதான்.

படி 5: கழிப்பறை, நேரம், விடுதி கேட்

மெக்கானிக்கல் பிளாக்கில் பெண்கள் கழிப்பறை எங்கே இருக்கிறது? பல கல்லூரிகளில் பக்கத்துக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் நாளில் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் மாணவிகள் உண்டு. நாப்கின் போடும் தொட்டி, உள்பக்கத் தாழ்ப்பாள், தண்ணீர் இந்த மூன்றையும் ஒரு பெண் ஆசிரியர் நேரில் போய்ப் பார்க்கட்டும்.

லேப் இரவு எட்டுவரை திறந்திருக்கிறது, பெண்கள் விடுதி ஆறரைக்கு மூடுகிறது என்றால் அந்த லேப் பையன்களுக்கானது. இதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை: விடுதி நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். உடனே முடியாது என்றால் லேப் நேரத்தைக் காலை ஏழிலிருந்து வையுங்கள், இரவு வேலைக்குத் துறையே கூட்டி வந்து கொண்டுபோய் விட ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் லேப்டாப் இல்லாத தினசரி பஸ் மாணவருக்கும் காலை லேப் பெரிய உதவி. கடைசி காலேஜ் பஸ் ஐந்து மணிக்குப் போய்விடும்.

படி 6: மாற்றுத்திறனாளி மாணவர்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் தருகிறது. ஒருவர் சேர்ந்தவுடன் துறைத் தலைவர் அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன தேவை என்று அவரிடமே கேளுங்கள். பெற்றோரிடம் மட்டும் கேட்டால் போதாது.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு லிஃப்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்; அந்தப் பிரிவின் டைம்டேபிளையே தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். பார்வைக் குறை உள்ளவருக்கு ஸ்கேன் செய்த பழைய நோட்ஸ் பயன்படாது, திரை வாசிக்கும் மென்பொருளால் படத்தைப் படிக்க முடியாது. தட்டச்சு செய்த கோப்பு கொடுங்கள். அப்படித் திரை வாசிக்கும் மென்பொருளான என்விடிஏ இலவசம், லேப் கணினிகளில் இன்றே போட்டுவிடலாம். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது உள் தேர்வுகளுக்கும் பொருந்தட்டும். நிறக்குறை உள்ள பையன் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் படிக்க முடியாமல் திணறுவான், வெட்கத்தில் சொல்லவும் மாட்டான். எல்லா மேசையிலும் ஒரு மல்டிமீட்டர் வைத்து 'அளந்து எழுதலாம்' என்று பொதுவாக அறிவித்தால் அவன் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

படி 7: லேட்டரல் என்ட்ரி

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் வருபவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறோம். தொடக்க அறிமுக நிகழ்ச்சி அவர்களுக்கு இல்லை. முதலாண்டுக் கணிதமும் இல்லை, ஆனால் மூன்றாம் செமஸ்டர் கணிதம் அதன் மேல்தான் நிற்கிறது. வகுப்பில் நட்புகள் ஏற்கெனவே உருவாகிவிட்டன. அவர்களுக்குத் தனியாக இரண்டு நாள் அறிமுகமும் ஆறு வாரக் கணித வகுப்பும் வையுங்கள். பதிலுக்கு லேத், ஒயரிங், சர்க்யூட் எல்லாம் அவர்களுக்குக் கைவந்த கலை. லேப்பில் மற்றவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தால் முதல் மாதத்திலேயே வகுப்பில் ஒரு மரியாதை வந்துவிடும்.

படி 8: சாதி, புகார்

இதைப் பேசாமல் மேலே உள்ள எதுவும் நிற்காது. ப்ராஜெக்ட் குழுவை 'உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேருங்கள்' என்று விட்டுப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே ஹாஸ்டல் விங், ஒரே சமூகம் என்று சேர்ந்து, கடைசியில் நான்கு பேர் யாரிடமும் சேராமல் நிற்பார்கள். 'மிச்சம் இருக்கிறவங்க ஒரு டீம்' என்று நாமே அறிவிப்போம். அந்த வார்த்தையை இனி எங்கும் சொல்லாதீர்கள். மூன்றாம் ஆண்டுவரை சிறிய ப்ராஜெக்ட்டுகளுக்குத் துறையே குழு பிரிக்கட்டும். இறுதியாண்டில் விரும்பியபடி சேரலாம். அதற்குள் எல்லோரும் எல்லோரோடும் வேலை செய்திருப்பார்கள்.

புகாருக்கு வழி வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2012 விதிகள்படி சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரும் இருக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி உள் புகார்க் குழு. பல இடங்களில் இவை ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்டும் கோப்பில் மட்டும் இருக்கின்றன. பெயரும் போன் எண்ணும் துறை வாசலில், விடுதியில், கேன்டீனில் தமிழில் ஒட்டியிருக்கட்டும். புகார் வாங்கியதும் தேதியிட்ட ரசீது கொடுங்கள். புகார் கொடுத்த மாணவருக்குக் கல்லூரி ஆசிரியரே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணை அந்த செமஸ்டர் முழுவதும் வேறொரு ஆசிரியரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். மாணவர்கள் வாய் திறக்காததற்கு முதல் காரணம் இன்டர்னல் பயம்தான். சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்தால் அது குற்றம், சமாதானம் பேசி முடிக்கும் விஷயம் கிடையாது.

படி 9: பிளேஸ்மென்ட்

நிறுவனங்கள் கேட்கும் 'பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது' என்ற விதியை மாணவருக்கு ஏழாம் செமஸ்டரில் சொல்லிப் பயன் இல்லை, முதல் நாளே சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வுக்கான சட்டை, ஷூ, சென்னைக்குப் போக பஸ் செலவு இவற்றுக்காகவே பெயர் கொடுக்காமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறு நிதி வைத்திருக்கிறார்கள். கிளாஸ் அட்வைசர் சொன்னால் போதும், விண்ணப்பம் இல்லை, பட்டியல் இல்லை. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகளையும் டைம்டேபிளுக்குள்ளேயே வையுங்கள். மாலை ஐந்துக்குப் பிறகு வைத்தால் பஸ் மாணவர் வர முடியாது.

படி 10: போனவர்களுக்குப் போன் செய்யுங்கள்

வருடத்துக்கு ஒருமுறை, படிப்பை விட்டவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் அழையுங்கள். அலுவலகத்தை அழைக்கச் சொல்லாதீர்கள். அவர் பெயர் தெரிந்த ஆசிரியரே அழைக்க வேண்டும். "ஏம்பா வரல?" என்று தொடங்கினால் "உடம்பு சரியில்ல சார்" என்றுதான் பதில் வரும். "இப்ப என்ன பண்ற, சாப்பாடெல்லாம் எப்படி?" என்று தொடங்கி, கடைசியில் கேளுங்கள்: எந்த நாள் காலேஜ் வேண்டாம் என்று தோன்றியது? நாள் கேட்டால் சம்பவம் வரும். மெஸ் பாக்கி 4,200 ரூபாய்க்காக வார்டன் எல்லோர் முன்னும் கத்திய நாள் என்று ஒருவன் சொன்னான். வைவாவில் சிரித்தார்கள் என்று ஒருத்தி சொன்னாள். இருவரின் பதிலும் மேலே உள்ள படிகளில் இரண்டை எங்களுக்குக் கொடுத்தன.

பேசும்போதே மறுசேர்க்கைக்கான விண்ணப்பமும் கடைசித் தேதியும் உங்கள் கையில் இருக்கட்டும். இடைவெளி விட்டவர்கள் பல்கலைக்கழக அனுமதியோடு ஜூனியர் பேட்ச்சில் சேரலாம் என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது.